கோரிக்கை எங்கே நின்றது? டெஸ்க்டாப் மென்பொருளை இணையச் சேவையோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் இன்று காலையில் "சர்வரோடு இணைய முடியவில்லை" என்கிறது. அடுத்த பத்து நிமிடங்களில் பெரும்பாலானோர் என்ன செய்கிறார்கள் என்பதைப் பல முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஃபயர்வாலை அணைக்கிறார்கள். வைரஸ் தடுப்பை நிறுத்துகிறார்கள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். சேவை நம்மை அடையாளம் காணும் ஏபிஐ சாவியைப் புதிதாக வாங்குகிறார்கள். நான்கும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டாலோ, ஒரு பிழை இருந்த இடத்தில் இப்போது மூன்று இருக்கும். அதில் இரண்டு நாமே உண்டாக்கியவை.

மென்பொருளிலிருந்து புறப்படும் கோரிக்கை ஐந்து வாசல்களைத் தாண்ட வேண்டும். முதலில் சேவையின் பெயர் ஐபி முகவரியாக மாற வேண்டும். அது டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டின் வேலை. பிறகு அந்த முகவரியின் 443ஆம் போர்ட்டுக்கு (பாதுகாப்பான வலைப் போக்குவரத்துக்கான கதவு எண்) இணைப்புக் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையில் சர்வர் தன் சான்றிதழைக் காட்டி, தான் அதே சேவைதான் என்று உறுதிசெய்ய வேண்டும். நான்காவதாக, நீங்கள் யார், உங்களுக்கு அனுமதி உண்டா என்று சேவை பார்க்கும். கடைசியாக, வந்த பதிலை மென்பொருள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த வாசலில் கோரிக்கை நின்றது என்று தெரியாதவரை எந்த அமைப்பையும் தொடாதீர்கள். கீழே நான் சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவைதான்.

பிழைச் செய்தியை அரைகுறையாகப் படிப்பது

திரையில் வரும் பெட்டியில் இருப்பது மென்பொருளை எழுதியவர் பொதுவாக எழுதிவைத்த வாக்கியம். உண்மையான காரணம், மென்பொருள் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பில், பல அடுக்குப் பிழைகளுக்கு உள்ளே, பெரும்பாலும் கடைசி அடுக்கில் இருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் நோயே மாறிவிடும். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால், எதிர்முனையில் ஓர் இயந்திரம் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பொருள். முகவரி அல்லது போர்ட் எண் தவறாக இருக்கலாம், சேவையே நின்றிருக்கலாம். முப்பது வினாடி காத்திருந்துவிட்டு "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால், வழியில் ஏதோ ஒன்று நம் கோரிக்கையைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. ஃபயர்வால்கள் வழக்கமாகச் செய்வது இதைத்தான். இரண்டையும் "நெட் வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டால், தேடலைத் தொடங்குவதற்கு இருந்த ஒரே தடயமும் போய்விடுகிறது.

"பிரவுசரில் திறக்கிறதே" என்ற நம்பிக்கை

இந்தத் தவறுதான் எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைத் தின்கிறது. அதே முகவரியை பிரவுசரில் போட்டால் பக்கம் வருகிறது. ஆகவே நெட்வொர்க்கில் குறையில்லை, மென்பொருளில்தான் குறை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிரவுசரும் உங்கள் மென்பொருளும் ஒரே கணினியில் இருந்தாலும் ஒரே பாதையில் போவதில்லை.

முதல் வேறுபாடு ப்ராக்ஸி, அதாவது அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர். அலுவலக நெட்வொர்க்கில் பிரவுசர் தானாகவே ப்ராக்ஸி அமைப்பை எடுத்துக்கொள்ளும். பல மென்பொருள்கள் அதைப் பார்ப்பதே இல்லை. சில, சூழல் மாறிகளில் (இயங்குதளம் மென்பொருள்களுக்குத் தரும் அமைப்பு மதிப்புகளில்) எழுதியிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ப்ராக்ஸி அமைப்பு பெரும்பாலும் பயனர் கணக்கோடு ஒட்டியது என்பது இன்னொரு சிக்கல். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், கணக்கு விவரங்களைச் சேவைக்கு அனுப்பும் மென்பொருளை ஊழியர் கையால் இயக்கினால் ஓடியது; இரவில் தானாக ஓடும்படி வைத்தால் ஒவ்வொரு நாளும் தோற்றது. சேவை தருபவர்களோடு ஒரு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. இரவில் அது சிஸ்டம் கணக்கின் பேரில் ஓடுகிறது, அந்தக் கணக்குக்கு ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பது பிறகுதான் புலப்பட்டது. பதிலோடு வரும் நிலை எண் எங்காவது 407 என்று கண்ணில் பட்டால், கடவுச்சொல் கேட்பது சேவை அல்ல, நடுவில் இருக்கும் ப்ராக்ஸி என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வேறுபாடு சான்றிதழ்க் கிடங்கு, அதாவது யார் வழங்கிய சான்றிதழ்களை நம்பலாம் என்ற பட்டியல். ஜாவாவில் எழுதிய மென்பொருள் வழக்கமாகத் தன்னோடு வரும் கிடங்கைத்தான் பார்க்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் தனக்கென ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. விண்டோஸில் சேர்த்த சான்றிதழ் இவற்றின் கண்ணில் படாது. மூன்றாவதைப் பலர் அறிவதில்லை: சர்வர் தன் சான்றிதழோடு சேர்த்து அனுப்ப வேண்டிய இடைநிலைச் சான்றிதழை (அதைக் கிடங்கில் உள்ள மூலச் சான்றிதழோடு இணைப்பது) அனுப்ப மறந்திருந்தால், பிரவுசர்கள் பெரும்பாலும் அதைத் தாமே தேடி எடுத்து நிலைமையைச் சமாளித்துவிடும். ஓபன்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் நூலகம் கொண்டு எழுதிய மென்பொருள் சமாளிக்காது. நம்ப முடியவில்லை என்று நின்றுவிடும். அங்கே தவறு சர்வர் பக்கம், பழி மென்பொருளுக்கு.

சர்வர் பதில் தருகிறதா என்று பிங் கட்டளையால் பார்ப்பதும் இதே வகைதான். பிங் 443ஆம் போர்ட்டைத் தொடுவதே இல்லை. நன்றாக இயங்கும் பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் தருவதில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு வேண்டிய செய்தி அதில் இல்லை. முகவரிக்கு உண்மையான கோரிக்கையை அனுப்பிப் பார்க்கும் கர்ல் என்ற கட்டளை இதைவிடப் பல மடங்கு பயன்படும். 2018 முதல் விண்டோஸ் 10இலேயே அது சேர்ந்து வருகிறது. தோற்றால் அது திருப்பித்தரும் எண் வாசலைக் காட்டிக்கொடுக்கும். 6 என்றால் பெயர் முகவரியாக மாறவில்லை. 7 என்றால் இணைப்பே கிடைக்கவில்லை. 28 என்றால் நேரம் கடந்தது. 35 என்றால் டிஎல்எஸ் பேச்சு முறிந்தது. 60 என்றால் சான்றிதழை நம்ப முடியவில்லை. ஆனால் கர்லும் உங்கள் மென்பொருள் அல்ல. விண்டோஸோடு வரும் கர்ல் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கைத்தான் பார்க்கிறது. அதில் வெற்றி கிடைத்தும் ஜாவா மென்பொருள் தோற்றால், மூன்றாம் வாசலில் கிடங்கு வேறுபடுகிறதா என்று பாருங்கள்.

சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடுவது

சான்றிதழ்ப் பிழை வந்ததும் இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் தீர்வு, சரிபார்ப்பை நிறுத்தும் ஒரு வரி. போட்டவுடன் வேலை செய்யும். அதனால்தான் அது ஆபத்தானது. அந்த வரி இருக்கும்வரை, நடுவில் உட்கார்ந்து யார் தன்னைச் சேவை என்று சொல்லிக்கொண்டாலும் உங்கள் மென்பொருள் கடவுச்சொல்லையும் டோக்கனையும் (நுழைவு அனுமதிச் சீட்டு போன்றது) அவரிடம் கொடுத்துவிடும். "சோதனைக்காகத்தான், பிறகு எடுத்துவிடுகிறேன்" என்று போட்ட வரி ஆண்டுக்கணக்கில் வாடிக்கையாளர் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சோதனையை அணைப்பதற்குப் பதில் மூன்றைப் பாருங்கள். முதலில் கணினியின் கடிகாரம். மதர்போர்டின் சிறிய பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைக்கும். அடுத்து, சான்றிதழை வழங்கியவர் பெயர். பொதுச் சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயரோ அலுவலக நெட்வொர்க் கருவியின் பெயரோ இருந்தால், அது நடுவில் புகுந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்து மறுபடி மூடி அனுப்புகிறது என்று பொருள். அதன் மூலச் சான்றிதழை உங்கள் மென்பொருள் பார்க்கும் கிடங்கில் சேர்ப்பதோ, அந்தச் சேவைக்கு மட்டும் விலக்குக் கேட்பதோதான் வழி.

மூன்றாவது, மென்பொருளின் வயது. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களை நம்ப வேறு வழி இருந்தும், ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2ஐப் பயன்படுத்திய பல மென்பொருள்கள் பழைய வழியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே நின்றுபோயின. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை. டிஎல்எஸ் பதிப்புகளுக்கும் இதே கதைதான். 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன; சேவைகள் ஒவ்வொன்றாக அவற்றை நிறுத்திவருகின்றன. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.5ஐக் குறிவைத்து எழுதிய மென்பொருள், தனியாகச் சொன்னாலொழிய டிஎல்எஸ் 1.2ஐத் தொடாது. அப்போது மென்பொருளையோ அதன் அமைப்பையோ புதுப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சேவையின் சான்றிதழையே மென்பொருளுக்குள் பதித்துவைப்பவர்களுக்கும் ஒரு சொல். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகக் குறையப்போகிறது. பதித்துவைத்ததை அந்த வேகத்தில் எல்லாக் கணினிகளிலும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஐபி முகவரியை ஹோஸ்ட்ஸ் கோப்பில் (டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் கணினி பார்க்கும் பெயர்-முகவரிப் பட்டியலில்) எழுதிவைப்பதும் அப்படித்தான். ஒரு நாள் சேவை இடம் மாறும், உங்கள் கணினி மட்டும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

சாவி சரிதான் என்று கண்ணால் மட்டும் பார்ப்பது

நான்காம் வாசலுக்கு வந்துவிட்டோம் என்பதைச் சொல்வது நிலை எண். 401 என்றால் நீங்கள் யார் என்பது சேவைக்குத் தெரியவில்லை. 403 என்றால் பெரும்பாலும் தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை. 403 வரும்போது சாவியை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்; கணக்கின் உரிமைகளைப் பார்க்க வேண்டும்.

401 வந்த ஒருவருக்கு உதவப் போயிருந்தேன். மூன்று முறை புதிய சாவி எடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தார். திரையில் இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். ஒரே மாதிரிதான் இருந்தன. பிறகு நீளத்தை எண்ணிப் பார்த்தோம். சாவி 40 எழுத்து. அமைப்புக் கோப்பில் இருந்ததோ 41. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி, ஒவ்வொரு முறையும் நகலெடுக்கும்போது கூடவே வந்திருக்கிறது. அன்றிலிருந்து சாவியை நான் ஒப்பிடுவதில்லை, எண்ணுகிறேன்.

சோதனைச் சூழலின் சாவியை உண்மைச் சூழலின் முகவரியோடு சேர்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. கடிகாரம் இங்கேயும் வரும்: கையொப்பமிட்ட கோரிக்கைகளை ஏற்கும் சேவைகள் நேர வேறுபாட்டைப் பொறுப்பதில்லை, அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3, 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் மறுத்துவிடும். பழைய நுழைவு முறையே மூடப்பட்டிருக்கவும் கூடும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அஞ்சல் சேவையில் பயனர்பெயர், கடவுச்சொல் மட்டும் தந்து நுழையும் முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. கடவுச்சொல் சரியாகவே இருந்தும் பழைய அஞ்சல் மென்பொருள்கள் நுழைய முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

200 வந்தால் வெற்றி என்று நினைப்பது

மென்பொருள் ஜேசான் என்ற தரவு வடிவில் பதிலை எதிர்பார்க்கிறது. "முதல் எழுத்தே தவறு: <" என்று பிழை வருகிறது. வலைப்பக்கங்கள் தொடங்கும் அந்த ஒற்றைக் கோணக் குறி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: வந்திருப்பது ஜேசான் அல்ல, ஒரு வலைப்பக்கம். வைஃபை நுழைவுப் பக்கமாகவோ ப்ராக்ஸியின் தடைப் பக்கமாகவோ சேவையின் பராமரிப்பு அறிவிப்பாகவோ இருக்கலாம். அப்போதும் நிலை எண் 200 என்றே இருந்திருக்கக்கூடும். வந்த பதிலின் முதல் சில வரிகளை லாக்கில் எழுதிவைத்தால் இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கலாம்.

முகவரியில் எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பதில் எச்டிடிபி என்று எழுதியிருந்தால் வேறொன்று நடக்கும். சேவை 301 தந்து சரியான முகவரிக்குத் திருப்பிவிடும். பல நூலகங்கள் அந்தத் திருப்பத்தில் போஸ்ட் கோரிக்கையை (தரவு அனுப்புவது) கெட் ஆக (தரவு கேட்பது) மாற்றி, அனுப்பிய தரவைக் கைவிட்டுவிடும். இணைப்புக் கிடைக்கிறது, தரவு மட்டும் போய்ச் சேரவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

முடிவில்லாமல் காத்திருப்பதும் விடாமல் தட்டுவதும்

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு, நாம் சொல்லாவிட்டால், காத்திருப்புக்கு எல்லையே இல்லை. டாட்நெட்டின் எச்டிடிபி கிளையண்ட் 100 வினாடி காத்திருக்கும். அந்த நேரமெல்லாம் திரை உறைந்து நிற்பதைப் பார்க்கும் பயனர் மென்பொருளை வலுக்கட்டாயமாக மூடுவார். தவறு அவருடையது அல்ல. நேர எல்லையை நீங்களே வையுங்கள்.

மறுமுயற்சியிலும் கவனம் வேண்டும். 429 வந்தால் சேவை "கொஞ்சம் பொறு" என்கிறது. எவ்வளவு நேரம் என்பதைப் பெரும்பாலும் பதிலின் தலைப்பிலேயே தந்திருக்கும். அதைப் படிக்காமல் உடனுக்குடன் திரும்ப அனுப்பினால் தடை நீளும். 401 வந்ததற்குத் திரும்பத் திரும்ப முயல்வது கணக்கையே பூட்டிவிடக்கூடும். பணம் செலுத்தும் கோரிக்கைக்கு நேரம் கடந்துவிட்டால், அது அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள் அல்ல. பதில்தான் வந்து சேரவில்லை. அப்படியே மறுபடி அனுப்பினால் பணம் இரண்டு முறை கழியக்கூடும். இதற்கென்று தனி அடையாள எண்ணை ஏற்கும் சேவைகளில் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

உதவி கேட்கும்போது

"உங்கள் சேவை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் நான்கு நாள் கேள்வி பதிலிலேயே போய்விடும். கோரிக்கை தோல்வியடைந்த நேரத்தை வினாடி வரைக்கும், நேர மண்டலத்தோடும் எழுதுங்கள். அழைத்த முழு முகவரி, நிலை எண், பதிலோடு கோரிக்கை அடையாள எண் வந்திருந்தால் அது, வேறொரு நெட்வொர்க்கிலிருந்து முயன்றபோது நடந்தது ஆகியவற்றைச் சேருங்கள். லாக் கோப்பை இணைப்பதற்கு முன் ஒரு முறை திறந்து பார்த்து, அதில் இருக்கும் டோக்கனையும் சாவியையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் அந்தச் சாவியை இன்றைக்கே ரத்துசெய்துவிட்டுப் புதியது எடுங்கள்.