தபீரின் விரல்களை எண்ணி ஏமாற வேண்டாம்

தபீர் என்ற காட்டு விலங்கை முதன்முதலாகப் படத்தில் பார்ப்பவர்கள் உடம்பைப் பார்த்துப் பன்றி என்பார்கள், மூக்கைப் பார்த்துக் குட்டி யானை என்பார்கள். இரண்டும் தவறு. ஆனால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1758இல், உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸே தென்னமெரிக்கத் தபீரை நீர்யானையோடுதான் சேர்த்து வைத்தார்! யானைக்கு உண்மையான உறவு நம் பாக் நீரிணையில் மேயும் கடற்பசு. தபீருக்கோ குதிரையும் காண்டாமிருகமும். மூன்றும் சேர்ந்ததுதான் ஒற்றைப்படைக் குளம்பிகள் என்ற வரிசை. அதில் காண்டாமிருகம் தபீருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம்.

சரி, ஒற்றைப்படை என்றதும் விரல்களை எண்ணத் தொடங்குவது அடுத்த தவறு. தபீருக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல், பின்காலில் மூன்று. நான்கு எப்படி ஒற்றைப்படை ஆகும்? இங்கே பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. பார்க்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, உடல் எடை எந்த விரல் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை. தபீரின் எடை நடுவிரலில் இறங்குகிறது. முன்காலின் நான்காவது விரல் சிறியது, சற்று மேலே இருக்கும். சேறும் சகதியுமான இடத்தில்தான் அது தரையில் பதியும். ஆட்டுக் குளம்பு நடுவில் பிளந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு விரல்கள் எடையைச் சமமாகச் சுமக்கின்றன. பன்றியும் மாடும் அந்தக் கூட்டம். குதிரைக்கு நடுவிரல் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் மூதாதைகளுக்கும் முன்னே நான்கு, பின்னே மூன்று விரல்கள்தான். அந்தப் பழைய பாதத்தோடு இன்றும் ஒரு விலங்கு காட்டில் நடமாடுகிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

இலைதழை தின்பதால் அசைபோடும் என்று எழுதிவிடாதீர்கள். குதிரையைப் போலவே தபீரும் அசைபோடாது, தின்றது பெருங்குடல் பகுதியில்தான் நொதிக்கும்.

ஆசியத் தபீரின் அறிவியல் பெயரில் 'இண்டிகஸ்' இருக்கிறது, ஆனால் அது இந்தியக் காடுகளில் இல்லை. மியான்மர், தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா ஆகியவைதான் அதன் இடம். கறுப்பு வெள்ளை உடம்பும் இதற்கு மட்டும்தான். அமெரிக்கக் கண்டத்துத் தபீர்கள் பழுப்பு, கருமை நிறங்களில் இருக்கும். அப்புறம், குட்டியைப் பார்த்து வேறு விலங்கு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாத் தபீர்க் குட்டிகளும் தர்ப்பூசணி போல வெள்ளைக் கோடும் புள்ளியுமாகப் பிறந்து, சில மாதங்களில்தான் நிறம் மாறும்.

மலேசியாவில் காட்டை ஒட்டிய சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. பளிச்சென்ற வெள்ளை முதுகு தூரத்திலேயே தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த இரண்டு நிறமும் இருட்டில் உருவத்தையே உடைத்துக் காட்டும், அங்கே ஒரு விலங்கு நிற்பதே தெரியாது. வண்டி மோதித் தபீர்கள் சாவது அங்கே தொடர்ந்து நடக்கிறது. 13 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு அது. தபீர் படம் போட்ட பலகையைக் கண்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.