துனாரில் பென்டிரைவ் தானாகத் திறக்க

லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் பென்டிரைவைச் செருகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், முதலில் துனார் ஃபைல் மேனேஜரில் எடிட் மெனுவின் பிரிஃபரன்ஸஸுக்குப் போங்கள். அங்கே அட்வான்ஸ்டு பகுதியில் வால்யூம் மேனேஜ்மென்ட்டை டிக் செய்து, அதனுடன் இருக்கும் கான்ஃபிகர் இணைப்பைத் திறக்க வேண்டும். செருகியதும் மவுன்ட் ஆவது (அதாவது, கோப்புகளைப் பார்க்கும்படி கணினியுடன் இணைவது) ஒரு தேர்வு, அதன் விண்டோ திறப்பது இன்னொரு தேர்வு. இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஆனால் புரோகிராம்களைத் தானாக இயக்கும் ஆட்டோ ரன்னை மட்டும் தொடவே வேண்டாம். பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை என்று சுற்றி வரும் பென்டிரைவில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தத் தேர்வுகள் வேலை செய்ய துனார்-வால்மேன், ஜிவிஎஃப்எஸ் என்ற இரண்டு பேக்கேஜ்களும் தேவை. குறைந்தபட்ச இன்ஸ்டலேஷனில் இவை பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், அதன் டிரைவ் சில நேரம் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். அதனால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். கட்டாயப்படுத்தி மவுன்ட் செய்தால் கோப்புகள் கெடலாம்.

அப்புறம், பிடிஎஃப் வேறு ஏதோ செயலியில் திறக்கிறதா? கோப்பின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஓப்பன் வித். அங்கே மாற்றினால் எல்லா பிடிஎஃப் கோப்புகளுக்கும் அது பொருந்தும்.