எந்தக் குழாய்க்கு எந்த மவுண்ட்: மதுரை மொட்டை மாடியிலிருந்து சில யோசனைகள்

தொலைநோக்கி வாங்க யோசனை கேட்டு வருபவர்கள் லென்ஸ் அல்லது கண்ணாடியின் குறுக்களவை வைத்து முதலில் கேட்பது, "எத்தனை இஞ்ச் வாங்கலாம் சார்?" என்பதுதான். "அதை எதன் மேல வைக்கப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கையில் இருக்கும் பணத்தில் பாதியையாவது மவுண்டுக்கும் (குழாயைத் தாங்கித் திருப்பும் தலைப் பகுதி) முக்காலிக்கும் ஒதுக்குங்கள் என்பது என் கட்சி. 150 மடங்கு பெரிதாக்கி வியாழனைப் பார்க்கும்போது, முக்காலியின் நடுக்கமும் 150 மடங்கு பெரிதாகத்தான் தெரியும். ஃபோகஸ் திருகைத் தொட்டதும் கிரகம் துள்ளி, அடங்கவே ஐந்தாறு விநாடி ஆகிறது என்றால், லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இரவு வீண்தான்.

முதல் வேலை எடை பார்ப்பது. பெட்டியில் அச்சிட்ட எடையை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது வெறும் குழாயின் எடை. பயணப் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று போதும். வளையங்கள், மவுண்டில் பொருத்தும் டவ்டெயில் பட்டை, ஃபைண்டர் (குறி பார்க்கும் சின்னத் தொலைநோக்கி), உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தூக்குங்கள். என்னுடைய 150 மி.மீ., எஃப்/5 (குவியத்தூரம் குறுக்களவைப் போல் ஐந்து மடங்கு) நியூட்டோனியன், அதாவது கண்ணாடித் தொலைநோக்கி, இப்படிப் போட்டால் 6 கிலோவைத் தாண்டுகிறது. மவுண்டின் தாங்கு எடையாகச் சொல்லப்படுவது பொதுவாக, குழாயைச் சமன் செய்ய மறுபக்கம் மாட்டும் எதிர் எடைகளைச் சேர்க்காத கணக்கு. ஈக்யூ5 வகைக்கு சுமார் 9-10 கிலோ, ஹெச்ஈக்யூ5-க்கு 14 கிலோ அளவு, ஈக்யூ6-ஆர்-க்கு 20 கிலோ என்பார்கள். கண்ணால் பார்க்க மட்டும் என்றால் அதில் முக்கால் பங்கு வரை ஏற்றலாம். படம் எடுக்க வேண்டுமென்றால் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடை மட்டும் பார்த்தாலும் போதாது, குழாயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒளியை உள்ளேயே மடக்கும் 8 இஞ்ச் ஷ்மிட்-காஸக்ரெய்ன் குழாய் ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும், எடையும் 6 கிலோவுக்குள். அதே 8 இஞ்சில் எஃப்/5 நியூட்டோனியன் மூன்றடி நீளம், 9 கிலோ பக்கம் வரும். இரண்டும் சேகரிக்கும் ஒளி ஏறக்குறைய ஒன்றுதான், மவுண்டுக்குத் தரும் தொல்லை ஒன்றல்ல. எடை அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக, அசைந்த குழாய் நிற்க எடுக்கும் நேரம் கூடும். நீளமான குழாய் காற்றையும் பிடிக்கும். ஆடிக் காற்றில் மாடியில் நின்றவர்களுக்கு இது தெரியும். 130/900 (குறுக்களவு 130, குவியத்தூரம் 900 மி.மீ.) நியூட்டோனியனை ஈக்யூ2 என்ற சின்ன மவுண்ட் மேல் வைத்து விற்கிற ஜோடியை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதே 130 மி.மீ. குழாய் 650 குவியத்தூரத்தில் வந்தால், குட்டையாக இருப்பதால் சின்ன மவுண்டிலும் ஓரளவு அடங்கி நிற்கும்.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல நினைப்பது நம் ஊர் இருக்கும் இடத்தைப் பற்றி. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சத்தில் (அட்சரேகையில்) இருப்பவர்கள் எழுதியவை. மதுரை இருப்பது 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே, சென்னை 13. துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து அந்த அளவு உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையின் முஷ்டி அளவு, அவ்வளவுதான். என் மாடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதை மறைத்துவிடுகிறது.

வானம் சுழலும் போக்கிலேயே திரும்பும் ஈக்வடோரியல் மவுண்டின் துருவ அச்சை அந்த நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதால், நம் ஊரில் அச்சு கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கும். வாங்கும் முன் அட்ச அளவுகோல் 10 டிகிரி வரை இறங்குகிறதா என்று பாருங்கள். சில மவுண்ட்கள் 15இலோ 20இலோ நின்றுவிடும். இறங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எதிர் எடைத் தண்டு நேராகக் கீழே தொங்கி, கொஞ்சம் வடக்குப் பக்கம் சாயும். வடக்கே முக்காலியின் கால் இருந்தால் எடை அதில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, இரண்டு காலுக்கு நடுவில் வடக்கு வருமாறு வைக்கலாம். ஆனால் தாழ்ந்த அட்சத்தில் மவுண்டின் தலைப்பாரமே வடக்கு நோக்கித் தள்ளிப் போவதால், அங்கே ஒரு கால் இருப்பதுதான் பத்திரம். அதனால் தலைக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு தடித்த நீட்டிப்புத் தூண் போடுவதே நல்லது என்பேன். மெல்லிய குழாயில் செய்தால் அதுவே ஆடும்.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் வடக்குத் தாங்கி குதிரை லாட வடிவில் இருக்கிறது. தாழ்ந்த அட்சத்துக்கு ஏற்றது, துருவப் பக்கமும் தடையில்லாமல் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. ஊருக்கு ஏற்ற மவுண்ட் என்ற கேள்வி அவ்வளவு பெரிய கருவிக்கும் உண்டு.

துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில் அச்சைச் சரிசெய்ய, நகர்வைப் பார்க்கும் முறை இருக்கிறது. திசைகாட்டியைக் குத்துமதிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மவுண்டின் இரும்பும் கூரைக் கம்பியும் அதைக் குழப்பும். வான நடுக்கோட்டை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டிய ஒரு நட்சத்திரம் உச்சிக் கோட்டுக்கு (தலைக்கு மேல் வடக்கு-தெற்காகப் போகும் கோடு) வரும்போது (ஓரியன் இடுப்புப் பட்டையின் மேற்கு ஓர நட்சத்திரமான மின்டாக்கா இதற்கு அருமை) மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் உங்கள் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது. பிறகு கிழக்கில் தாழ்வாக உள்ள நட்சத்திரத்தைப் பாருங்கள். அது தெற்கே போனால் அச்சு தாழ்ந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், படத்துக்கு அவசியம்.

நம் அட்சத்தின் இன்னொரு விளைவு, கிரகங்கள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போவது. மிதுன ராசிப் பக்கம் இருக்கும்போது வியாழன் மதுரையில் 78 டிகிரி உயரம் வரை ஏறும். காட்சி தெளிவாக இருக்கும், மவுண்டுக்குத்தான் சோதனை. மேல்-கீழும் இட-வலமும் மட்டும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அஸிமுத் முக்காலியில் நீளமான ரெஃப்ராக்டரை (லென்ஸ் தொலைநோக்கியை) வைத்தால் ஐபீஸ் முனை காலில் முட்டும். 127 மி.மீ. மக்ஸுடோவ் மாதிரி குட்டைக் குழாய்க்கு அந்தத் தொல்லை குறைவு, சுமார் மூன்றரை கிலோதான். 5 கிலோ தாங்கும் ஏஇசட்-ஜிடிஐ மாதிரி கணினி மவுண்டில் அழகாக உட்காரும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு, ஒரே கையில் தூக்கி மாடி ஏறலாம் என்பதால் இந்த ஜோடியைத்தான் முதலில் சொல்வேன்.

படம் எடுக்கும் ஆசை இல்லாதவர்களுக்கு டாப்ஸோனியன் போல் வேறொன்று இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஜான் டாப்ஸன் நடைபாதையில் மக்களுக்கு வானம் காட்டுவதற்காக எளிய பலகைப் பெட்டியில் குழாயை உட்காரவைத்தார். ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் செய்துகொள்ளலாம். சொரசொரப்பான மைக்கா ஒட்டிய பரப்பு டெஃப்லான் துண்டுகள் மேல் சறுக்க வேண்டும். இழுத்தால் நகர வேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். முக்காலியே இல்லாததால் ஆட்டம் குறைவு. 8 இஞ்ச் கருவி மொத்தமாக 25 கிலோ அளவு வரும், இரண்டு தடவையாகத் தூக்கிப் போங்கள். நேர் உச்சியில் மட்டும் இதைத் திருப்புவது கஷ்டம். கிரகம் உச்சிக்கு வர ஒன்றரை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காட்டுபவர்களுக்கு வேறு கணக்கு. 200 மடங்கில், 50 டிகிரி ஐபீஸில், சனி ஒரே நிமிடத்தில் பார்வையை விட்டுப் போய்விடும். அடுத்த பிள்ளை பார்ப்பது வெறும் இருட்டு. அங்கே தானே தொடரும் மோட்டார் மவுண்ட் வேண்டும், அல்லது உருப்பெருக்கத்தை 80க்குக் குறைக்க வேண்டும்.

நெபுலாக்களைப் படமெடுப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கேமரா பிக்ஸலின் மைக்ரான் அளவை 206ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்ஸலுக்கு எத்தனை விகலை (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) என்று வரும். 3.9 மைக்ரானும் 500 மி.மீ.யும் சேர்ந்தால் 1.6. 1000 மி.மீ. என்றால் 0.8. வானம் விநாடிக்கு 15 விகலை ஓடுகிறது, மவுண்ட் அதை அந்த நுணுக்கத்தில் பின்தொடர வேண்டும். ஆகவே 80 மி.மீ. ரெஃப்ராக்டரோடு ஹெச்ஈக்யூ5 வாங்கி ஆரம்பியுங்கள், 8 இஞ்ச் நியூட்டோனியன் பிறகு வரட்டும்.

பழைய மவுண்ட் வாங்கப் போனால் உங்கள் குழாயையே எடுத்துக்கொண்டு போங்கள். எதிர் எடையைச் சமன் செய்தபின், 100 மடங்கில் தூரத்துக் கோபுர விளக்கையோ செல்போன் டவரையோ வைத்துக் குழாயை விரலால் தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கினால் வாங்கலாம். ஐந்தைத் தாண்டினால் முதலில் முக்காலிக் கால்களை முழுக்க உள்ளே தள்ளி, நடுத்தட்டை இறுக்கி மறுபடி தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் முக்காலியில்தான் இருக்கும். அப்போதும் அடங்காவிட்டால் அச்சைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பல்சக்கரத் தளர்வு, திருகால் சரிசெய்யலாம். ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் பேரிங் தேய்ந்திருக்கும். அதை வாங்காதீர்கள்.