எடைப் பயிற்சி: வாரத்துக்கு எத்தனை செட்? புதிதாகத் தொடங்கும் வீரர்களுக்கு

"கால் பயிற்சி போட்டால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும், உடம்பே வளரும்" என்பது ஜிம்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது உண்மைதான். 1993-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஹாக்கினென், பக்காரினென் இருவரும் வீரர்களை ஸ்குவாட் (தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழுவது) போடவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உச்ச எடையை (ஒரே ஒருமுறை மட்டும் தூக்க முடிகிற எடை) ஒவ்வொன்றாக 20 முறை தூக்கியபோது ஹார்மோன் பெரிதாக அசையவில்லை. அதில் 70 சதவீத எடையை 10 செட், செட்டுக்கு 10 ரெப் என்று (ஒருமுறை தூக்குவது ஒரு ரெப்; ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ரெப்கள் ஒரு செட்) தூக்கியபோது டெஸ்டோஸ்டிரோன், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் மூன்றும் நன்றாகவே கூடின.

ஆனால் அந்த ஏற்றம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். தசையை வளர்ப்பதும் அது இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்கள் 15 வாரம் ஒரு கைக்கு கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது) மட்டும் போட்டார்கள். மறு கைக்கு வேறு நாளில் கர்ல் போட்டு, உடனே கடும் கால் பயிற்சியும் செய்தார்கள். ஹார்மோன் எகிறிய நாளில் பயிற்சி பெற்ற கையும் மற்றதும் ஒரே அளவுதான் வளர்ந்தன. ஆகவே பயிற்சி முடிந்த அரை மணி நேர ஹார்மோனை மறந்துவிடுங்கள். வாரக்கணக்கில் அளவு மீறிப் பயிற்சி செய்து, சாப்பாடும் தூக்கமும் குறைந்தால் ஓய்வுநிலை டெஸ்டோஸ்டிரோன் சரியும், ஆட்டமும் சரியும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

படி 1: உச்ச எடையைக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் உச்ச எடையைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். 80 கிலோவை 5 முறை சுத்தமாகத் தூக்க முடிந்தால், 5-ஐ 30-ஆல் வகுத்து 1 கூட்டி 80-ஆல் பெருக்குங்கள். சுமார் 93 கிலோ வரும். அதில் 70 முதல் 80 சதவீதம், அதாவது 65 முதல் 75 கிலோ, உங்கள் வேலை எடை.

படி 2: செட்டை எண்ணுங்கள்

வார்ம்-அப் செட்டைச் சேர்க்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று ரெப் தூக்கத் தெம்பு இருக்கும்போது நிறுத்திய செட்கள் மட்டுமே கணக்கு. ஒரு தசைத் தொகுதிக்கு வாரம் 6 செட்டில் தொடங்கலாம்.

திங்கள்: ஸ்குவாட் 3×5 (3 செட், செட்டுக்கு 5 ரெப்), பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது) 3×6, ரோ (குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுப்பது) 3×8.
வியாழன்: ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடக்கிக் கம்பியை இறக்கி ஏற்றுவது) 3×6, ஓவர்ஹெட் பிரஸ் (நின்று எடையைத் தலைக்கு மேலே தள்ளுவது) 3×6, புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) 3 செட்.

செட்டுக்கு இடையே 2 முதல் 3 நிமிடம் ஓய்வு. கபடி, ஓட்டம், தாண்டுதல் வீரர்களுக்கு மைதானமே காலுக்கு முக்கால்வாசி வேலை கொடுத்துவிடுகிறது. இது குறைச்சலாகத் தோன்றினாலும் போதும்.

படி 3: மெல்ல ஏற்றுங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் போன்ற ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு செட் கூட்டுங்கள். ஐந்தாவது வாரம் எடையைத் தொடாமல் செட்டைப் பாதியாக்குங்கள். 2005-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் 51 ஜூனியர் பளுதூக்குபவர்கள் 10 வாரத்தில் 1,923, 2,481, 3,030 ரெப் என மூன்று அணிகளாகப் பயிற்சி செய்தார்கள். அதிகம் முன்னேறியது நடு அணி. மூன்றாவது அணி ஆயிரத்துக்கும் மேல் கூடுதலாகத் தூக்கியும், மிகக் குறைவாகத் தூக்கியவர்களைத் தாண்டிப் பெரிதாக எதுவும் பெறவில்லை.

படி 4: சுவரைக் கேளுங்கள்

வார்ம்-அப் முடிந்ததும் விரல்நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவி, சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு கோடு. பிறகு குதித்து ஒரு கோடு. மூன்று முறை குதித்து அதிக இடைவெளியை நோட்டில் எழுதுங்கள். வழக்கமாக 50 செ.மீ. தாண்டுபவர் அடுத்தடுத்து இரண்டு பயிற்சி நாளில் 47-க்கு இறங்கினால் களைப்பு தீரவில்லை என்று அர்த்தம்; அன்றைக்குப் பாதி செட் மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். காசு கொடுத்து எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையைவிட இது சீக்கிரமே எச்சரிக்கும்.

பரிசோதனை எடுத்தே ஆக வேண்டுமென்றால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், பயிற்சிக்கு முன், இரண்டு வெவ்வேறு நாளில் எடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் மாலையில் இயல்பாகவே குறையும். மாலையில் எடுத்துவிட்டுப் பயந்துபோகிறவர்கள் நிறைய. நள்ளிரவுவரை போன் பார்த்த மறுநாளும் வேண்டாம். சிகாகோவில் ஒரு வாரம் தினம் 5 மணி நேரமே தூங்கிய இளைஞர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் விழுந்தது.

எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் தட்டில். தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும், வயிறு நிறையச் சோறு. எடை குறைக்கப் பட்டினி கிடந்துகொண்டே செட்டைக் கூட்டினால் உடம்பு இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுருக்கும். வீராங்கனைகளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் அதை "கடும் பயிற்சியின் அடையாளம்" என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாகிவிடும்; உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்குப் பாலுணர்வு மந்தமும் விடியற்காலை விறைப்பு குறைவதும் அதே எச்சரிக்கை.

"டெஸ்டோ பூஸ்டர்" பொடி வாங்காதீர்கள். லேபிளில் இல்லாத தடை செய்யப்பட்ட மருந்து அதில் இருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்றாலும் தண்டனை உங்களுக்குத்தான்.

படி 5: போட்டிக்கு முன்

கடைசி இரண்டு வாரம் மொத்த செட்டை 40 முதல் 60 சதவீதம் குறையுங்கள். கம்பியில் எடை அப்படியே இருக்கட்டும். ஸ்குவாட் 5 செட் போட்டவர் 2 செட் போட்டால் போதும். பாதி பேர் பதற்றத்தில் எடையைக் குறைத்துச் செட்டைக் கூட்டுவார்கள். அந்த வாரம் சுவர்க்கோடு கீழே இறங்குவதை அவர்களே பார்க்கலாம்.