மறுமையும் நினைவும்: இளையோர் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்துபோன ஒருவர் தம் வாழ்வை நினைத்துப் பார்க்கும் கதையை இளம் வாசகர்களுக்காக எழுத முனைவோர், மறுமை உலகின் வாயில்களையும் காவலர்களையும் விதிகளையும் உருவாக்குவதிலேயே உழைப்பையெல்லாம் செலவிட்டுவிட்டு, நினைவு எப்படி இயங்குகிறது என்பதை யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் அங்கேதான் சரிகின்றன.

முதன்மையான தவறு, நினைவை ஒளிப்பதிவு போலக் கையாள்வது. கதைநாயகி கண்ணை மூடியதும் பழைய பிறந்தநாள் ஒன்று, ஒவ்வொருவரும் பேசிய சொல் உட்பட, முழுமையாக ஓடுகிறது. நினைவுகூர்தல் என்பது சேமித்து வைத்ததை எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இலேயே விளக்கினார். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் 'மோதியபோது' என்பதற்குப் பதிலாக 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டதும் அவர்கள் மதிப்பிட்ட வேகம் கூடியது. ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்ட குழுவில்தான் அதிகம். கேள்வியின் ஒரு சொல் நினைவை இவ்வளவு மாற்றுமென்றால், மறுமையின் வாயிலில் விசாரிக்கப்படும் பெண் சொல்லும் கதையும் கேட்பவரின் சொல்லுக்கேற்ப மாறத்தானே வேண்டும்? இதை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

பதினாறு வயதில் இறந்த பெண் அம்மாவின் முகத்தை நினைக்க முயல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகம் வரவில்லை, பள்ளிப் பையின் சிக்கிய ஜிப்பை அம்மா பல்லால் கடித்து இழுத்த கணம் மட்டும் வருகிறது. மறுமுறை நினைக்கும்போது நீலமாக இருந்த பை பச்சையாகிவிட்டதை அவளே கவனிக்கிறாள். எது உண்மை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே யாருமில்லை. இந்த அச்சம் ஓர் அத்தியாயத்தையே தாங்கும்.

மறதியையும் இதே அக்கறையுடன் எழுத வேண்டும். சாவின் காரணத்தைக் கடைசி வரை மறைப்பதற்காகவே கதைநாயகியின் மனத்தைத் துடைத்துவிடுவது வாசகரை ஏமாற்றும் வேலை. 1953-இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நிகழ்வுகளை நினைவில் வைக்கும் திறனை இழந்த ஹென்றி மோலைசன், கண்ணாடியில் பார்த்து வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முன்பு வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. பெயரை மறந்த பாத்திரத்தின் விரல்கள் வயலினை மறக்காமல் இருக்கலாம்.

தொன்மங்களைக் கடன் வாங்குவோர் அவற்றின் காரணத்தை விட்டுவிட்டு அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கிரேக்க மரபில் மறதியின் நீரைக் குடித்த ஆன்மாக்கள் மறுபிறவிக்குச் செல்கின்றன. பண்டைய கிரேக்கர் குடியேறிய தென் இத்தாலியின் கல்லறைகளில் கிடைத்த பொன் தகடுகளோ, முதலில் எதிர்ப்படும் ஊற்றைத் தவிர்த்து நினைவின் ஏரியிலிருந்து வரும் நீரைக் குடிக்கும்படி இறந்தவருக்கு வழிகாட்டுகின்றன. மறப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு உங்கள் மறுமை உலகிலும் விடை வேண்டும்.

ஒரு தவறில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தற்கொலை செய்துகொண்ட பாத்திரம் தன்னைப் புண்படுத்தியவர்கள் அழுது வருந்துவதைப் பார்த்து நிம்மதி அடைவதாக எழுதுவது, துயரத்திலிருக்கும் இளம் வாசகருக்குச் சாவைத் தீர்வாகக் காட்டிவிடும். தற்கொலையைத் தீர்வாகச் சித்திரிக்க வேண்டாம், முறையை விவரிக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு ஊடகத்தினருக்கு அறிவுறுத்துகிறது. நாவலாசிரியருக்கும் அது பொருந்தும்.

கடைசியாக, முடிவு. எல்லா நினைவுகளையும் இறுதி அத்தியாயத்தில் பரிசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதுவரை அவள் இழந்ததற்கெல்லாம் பொருளில்லாமல் போகும். எந்த ஒரு நினைவை அவள் தானே விரும்பிக் கைவிடப் போகிறாள் என்பதை முன்பே முடிவு செய்து, அந்த நினைவை நாவலின் முதல் மூன்றிலொரு பகுதிக்குள் வாசகரும் நேசிக்கும்படி எழுதிவிடுங்கள்.