சுருதியையும் உரப்பையும் ஒலியலையில் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது எப்படி?

"குரலை உயர்த்திப் பேசு" என்றால் உரக்கப் பேசுகிறோம். "சுருதியை உயர்த்திப் பாடு" என்றால் மேல் ஸ்வரத்துக்குப் போகிறோம். இரண்டுக்கும் 'உயர்த்து' என்ற ஒரே சொல் பழகிவிட்டதால், ஒலியலையின் படத்தைப் பார்க்கும்போதும் அதே மயக்கம் வந்துவிடுகிறது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள், பாடநூலில் இருந்த உயரமான அலையைக் காட்டி, "மாமா, இதுதானே கீச்சுன்னு கேக்கும்?" என்று கேட்டாள். வீச்சு (அலையின் உயரம்) கூடினால் உரப்பு கூடும், அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அலைவுகள் என்பது) கூடினால் சுருதி கூடும் என்று வாயால் சொன்னது அவளுக்குப் போதவில்லை. கணினியில் ஒலியை உருவாக்கிக் காட்டிய பிறகுதான் தெளிந்தாள். அன்று நாங்கள் செய்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கருவி

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். அதிர்வெண்ணையும் வீச்சையும் தனித்தனி எண்களாகக் கொடுத்து, ஒன்றை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றிப் பார்க்க இதில் முடியும். நமக்குத் தேவையானதும் அதுவே. கணினி இல்லாதவர்கள் ஃபைஃபாக்ஸ் செயலியில் ஒலியலையைப் பார்க்கலாம். ஹெட்ஃபோன் அணிந்து கேட்பது நல்லது. ஆனால் தொடங்கும்போது ஒலியளவைக் குறைத்தே வையுங்கள்.

படி 2: மூன்று ஒலிகள்

'ஜெனரேட்' பட்டியலில் 'டோன்' என்பதைத் திறந்து, அலைவடிவம் 'சைன்', அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ், வீச்சு 0.4, நேரம் 3 வினாடி என்று கொடுங்கள். பிறகு 'ட்ராக்ஸ்' பட்டியலில் புதிய மோனோ தடம் ஒன்றைச் சேர்த்து, அதில் 400 ஹெர்ட்ஸ், 0.8 வீச்சில் இரண்டாவது ஒலியை உருவாக்குங்கள். மூன்றாவது தடத்தில் 800 ஹெர்ட்ஸ், 0.4 வீச்சு. இப்போது ஓடவிட்டால் மூன்றும் ஒன்றாக ஒலிக்கும் என்பதால், கேட்க வேண்டிய தடத்தின் இடப்பக்கம் உள்ள 'சோலோ' பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முதலாவதும் இரண்டாவதும் ஒரே சுருதியில் இருக்கும், இரண்டாவது மட்டும் உரத்து ஒலிக்கும். மூன்றாவது, முதலாவதைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்கும்.

படி 3: பெரிதாக்கிப் பார்த்தல்

நான் தடுமாறியது இந்த இடத்தில்தான். மூன்று வினாடியும் திரையில் தெரியும்படி இருந்தபோது, முதல் தடமும் மூன்றாவது தடமும் அச்சு அசலாக ஒரே மாதிரியான நீலப் பட்டைகளாகத் தெரிந்தன. காதுக்கு இவ்வளவு வேறுபடும் இரண்டு ஒலிகள் கண்ணுக்கு ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று புரியாமல், ஒலியைத் தவறாக உருவாக்கிவிட்டேனோ என்று இரண்டு முறை அழித்துவிட்டுத் திரும்பச் செய்தேன். தவறு ஒலியில் இல்லை. மூன்று வினாடிக்குள் 1,200 அலைவுகள் நெருக்கியடித்து நிற்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பட்டையாகிவிடுகின்றன. அந்தப் பட்டையின் உயரம், அதாவது வீச்சு, மட்டுமே நமக்குத் தெரிகிறது. ஆக, தூரத்திலிருந்து பார்க்கும் அலைப்படம் உரப்பைச் சொல்லும், சுருதியைச் சொல்லாது.

ஆகையால் 0 முதல் 0.010 வினாடி வரையான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையுடன் 'ஈ' விசையை அழுத்துங்கள். அந்த 10 மில்லி வினாடி திரை முழுவதும் விரியும். முதல் தடத்தில் முகடுகளை எண்ணுங்கள்: நான்கு. இரண்டாவதிலும் நான்குதான், ஆனால் இருமடங்கு உயரம். மூன்றாவதில் எட்டு, உயரம் முதலாவதைப் போலவே. 400 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 400 அலைவுகள், ஓர் அலைவுக்கு 2.5 மில்லி வினாடி. 800 என்றால் 1.25 மில்லி வினாடி. என் அக்கா மகள் விரலைத் திரையில் வைத்து எண்ணி முடித்த கணத்தில், நான் மேற்கொண்டு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 4: இருமடங்கு வீச்சு, இருமடங்கு உரப்பா?

0.4, 0.8 இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். உரப்பு கூடுகிறது, ஆனால் இருமடங்காகத் தோன்றாது. அலை சுமக்கும் ஆற்றல் வீச்சின் இருமடியைப் பொறுத்தது என்பதால், வீச்சு இரட்டிக்கும்போது ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஒலியின் அளவை ஒப்பிடும் அலகான டெசிபெல் கணக்கில் அது சுமார் 6 டெசிபெல் உயர்வு. காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு உரப்பாகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் வேண்டும். 0.25 வீச்சில் ஓர் ஒலியை உருவாக்கி 0.8 உடன் ஒப்பிட்டால் அந்த வேறுபாடு கிடைக்கும்.

உரப்பு வீச்சை மட்டும் பொறுத்தது என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரே வீச்சில் 100 ஹெர்ட்ஸையும் 3,000 ஹெர்ட்ஸையும் உருவாக்கிக் கேட்டால், பின்னது எவ்வளவோ உரத்துத் தெரியும். மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்பாதது ஒரு காரணம். நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகளுக்கே மிகவும் கூர்மையாக இருப்பது மற்றொரு காரணம். ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1933-ஆம் ஆண்டிலேயே இதை அளந்து வரைபடமாக்கினார்கள்.

படி 5: சொந்தக் குரல்

ஒரே சுருதியில் 'ஆ' என்று முதலில் மெதுவாகவும் பிறகு உரக்கவும் பாடிப் பதிவு செய்யுங்கள். உரக்கப் பாடும்போது சுருதியும் தானாகவே சற்று மேலே ஏறப் பார்க்கும். அன்றாடப் பேச்சிலும் கத்தும்போது இரண்டும் சேர்ந்தே உயர்வதால்தான் நாம் அவற்றை ஒன்றாக நினைத்துக்கொள்கிறோம் என்பது என் எண்ணம். கவனமாகச் சுருதியைப் பிடித்து நிறுத்தினால், படத்தில் உயரம் மட்டும் மாறுவதைக் காணலாம்.

பின்சேர்க்கை

இதைச் செய்து பார்த்தவர்களிடமிருந்து மூன்று ஐயங்கள் வந்தன. குரலின் அலையில் முகடுகளை எண்ணினால் அதிர்வெண் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்து வருகிறது என்பது முதலாவது. குரல் வழவழப்பான சைன் அலையாக இருக்காது. ஒவ்வொரு அலைவுக்குள்ளும் சிறு சிறு முகடுகள் உண்டு, அவை குரலின் தரத்தை, அதாவது ஒரே சுருதியிலும் ஒரு குரலை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் தன்மையைச் சேர்ந்தவை. முழு வடிவமும் ஒருமுறை திரும்ப வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்: 5 மில்லி வினாடிக்கு ஒருமுறை என்றால் 200 ஹெர்ட்ஸ்.

இரண்டாவது, திரையில் இரு முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அலைநீளம் என்று எழுதலாமா என்பது. கூடாது. கிடை அச்சில் இருப்பது நேரம், ஆகவே அது அலைவு நேரம். 20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை 400-ஆல் வகுத்தால் அலைநீளம் 0.86 மீட்டர் அளவில் வரும்.

மூன்றாவது, கைபேசியில் பதிந்தபோது மெதுவாகப் பாடியதும் உரக்கப் பாடியதும் ஒரே உயரத்தில் தெரிந்தது. பல கைபேசிகள் பதிவின் ஒலியளவைத் தாமாகவே சமன்படுத்துகின்றன. அந்த வசதியை அமைப்புகளில் நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் கணினியில் ஒலிவாங்கியை இணைத்துப் பதியுங்கள். அப்போது அலையின் உச்சிகள் மட்டமாக வெட்டப்பட்டதுபோல் தெரிந்தால் பதிவளவு மிகுந்துவிட்டது என்று பொருள். அதைக் குறைத்துவிட்டுத் திரும்பவும் பாடுங்கள்.