பிக்கப்பின் முன்சக்கரம் இழுக்கவில்லையா? பெட்டியைப் பிரிக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

போன ஐப்பசியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் டீசல் பிக்கப்பின் பின்சக்கரங்கள் பாதிவரை மணலில் புதைந்துவிட்டன. குமிழைத் திருப்பி 4ஹெச்சில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில் வைத்தேன். மீட்டர் பலகையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததே தவிர நிலைத்து எரியவில்லை. முன்சக்கரங்கள் அசையவும் இல்லை. வலைகளையும் ஐஸ் பெட்டிகளையும் இறக்கி, ஆறு பேர் தோள்கொடுத்துத் தள்ளிய பிறகுதான் வண்டி மேலேறியது. மறுநாள் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். முன்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்தனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், பெரிய செலவு என்றார்கள். மனம் ஒப்பவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய், அதன் முனையில் ஓர் அங்குல நீளத்துக்கு வெடிப்பு. அவ்வளவுதான் பழுது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக்காற்று முதலில் தின்பது வெளியே இருக்கும் கனெக்டரையும் குழாயையும் சென்சாரையும்தான். எண்ணெய்க்குள் இருக்கும் பல்சக்கரங்களிடம் அது கடைசியாகத்தான் போகிறது. தேடும் வரிசையும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க மரக்கட்டைகள், மல்டிமீட்டர், டார்ச், ஒரு முழம் ரப்பர் குழாய் ஆகியவை கையில் இருந்தால் போதும்.

முதலில் வண்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் ஓடும் நான்கு சக்கர இழுவைப் பிக்கப்புகள் பெரும்பாலும் தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரத்தைச் சேர்த்துக்கொள்ளும் வகை. 2ஹெச் என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4ஹெச்சில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பின்பக்கத்தோடு பூட்ட வேண்டும். முன் அச்சில் இருக்கும் ஆக்சுவேட்டர், பிரிந்து கிடக்கும் அச்சுத்தண்டை இணைக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் முன்சக்கரம் இழுக்காது. 4எல் என்பது இதே பூட்டுதலோடு வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டுவது.

இயக்கும் முறை சரியா?

4எல்லுக்கு மாற்ற வண்டியை முழுக்க நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்க வேண்டும். ஓட்டத்திலேயே திருப்பினால் விளக்கு மினுக்கும், அது பழுதல்ல. 4ஹெச்சுக்கு மாற்றும்போது சில மீட்டர் நேராக உருட்டினால்தான் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்.

இன்னொன்று, தார்ச்சாலையில் 4ஹெச் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. மணலில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களிலேயே தேங்கும். ஸ்டீயரிங் கனக்கும், 2ஹெச்சுக்குத் திரும்பவும் மறுக்கும். அப்படிச் சிக்கிக்கொண்டால் பதறாமல் ரிவர்ஸில் பத்து மீட்டர் நேராக வாருங்கள். பெரும்பாலும் ‘டக்’ என்ற சத்தத்தோடு விடுபடும். நான்கு டயர்களின் அளவும் தேய்மானமும் ஒன்றுபோல இல்லாவிட்டாலும் இதே முறுக்கம் ஏறும். பஞ்சருக்குப் பிறகு புது ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அலைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விளக்கு என்ன சொல்கிறது?

விளக்கு எரியவே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு குமிழின் கனெக்டரை. மினுக்கிக்கொண்டே இருந்தால் கட்டளை போய்விட்டது, வேலை முடியவில்லை என்று பொருள். முன்சக்கரம் நன்றாக இழுத்தும் விளக்கு எரியவில்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ அச்சிலோ இருக்கும் சென்சார் சுவிட்சைச் சந்தேகியுங்கள். அதன் கனெக்டரைப் பிரித்தால் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள்.

பழுது எந்தப் பக்கம்?

ஆரம்பநிலையில் இருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய சோதனை இது ஒன்றுதான் என்பேன். சமமான கெட்டித் தரைக்கு வாருங்கள். 4ஹெச் போட்டு சில மீட்டர் நேராக உருட்டி நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, கைபிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். வண்டியின் அடிச்சட்டகத்துக்கு ஸ்டாண்டு கொடுங்கள்.

தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சற்று ஆடிவிட்டு நின்றுவிட்டால் எல்லாம் பூட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் எங்கோ இணைப்பு விழவில்லை. அப்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருப்புங்கள். ஷாஃப்ட் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டவில்லை. ஷாஃப்ட் இறுகி நிற்க, சக்கரம் மட்டும் சுற்றினால் குற்றம் முன் அச்சில், அதாவது ஆக்சுவேட்டர் பக்கம். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எவரும் பெட்டியைப் பிரிக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

வேக்யூம் குழாய்

சில வண்டிகளில் ஆக்சுவேட்டர் மின்மோட்டாரால் இயங்கும். பல வண்டிகளில் வேக்யூமால், அதாவது காற்றை உறிஞ்சும் விசையால். டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போல உறிஞ்சுவிசை தானாகக் கிடைப்பதில்லை. அதற்கென்றே ஒரு வேக்யூம் பம்ப் இருக்கும். சில என்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். எனவே முன்சக்கரம் சேராததோடு பிரேக் பெடலும் கல்லைப்போல் இறுகியிருந்தால் பம்பையோ அதன் பெரிய குழாயையோ பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். பிரேக் நன்றாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் சிறு குழாய்களிலோ, உறிஞ்சலை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சொலினாய்டிலோ, ஆக்சுவேட்டரிலோதான்.

என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை விலக்கி வைத்துக்கொண்டு, சொலினாய்டுக்கு வரும் குழாயைக் கழற்றி முனையைக் கட்டைவிரலால் மூடுங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் குழாயை அடிமுதல் முனைவரை தடவிக்கொண்டே வாருங்கள். வளையும் இடங்களிலும் கிளிப்புக்கு அடியிலும்தான் வெடிக்கும். என் வண்டியில் சேறு காய்ந்து பக்குபோல ஒட்டிக்கொண்டிருந்ததால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. குழாயை மடக்கியபோதுதான் வாய் பிளந்தது.

உறிஞ்சல் இருந்தால், குமிழை 4ஹெச்சில் வைத்து சொலினாய்டு கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். மின்சாரம் வந்தும் ‘டிக்’ சத்தம் இல்லையென்றால் சொலினாய்டை மாற்றலாம். ஆக்சுவேட்டரைச் சோதிக்க, கடலூர் முதுநகரில் ஒரு பழைய மெக்கானிக் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி: அதன் வாயில் சுத்தமான குழாயை மாட்டி, உறிஞ்சி, முனையை நாக்கால் அடையுங்கள். “குழாய் நாக்கைக் கவ்விக்கொண்டே நின்றால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, அந்த டயஃப்ரம் நல்லது தம்பி, நழுவினால் கிழிந்துவிட்டது” என்றார் அவர். இரண்டு வாய் உள்ள ஆக்சுவேட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எண்ணெயும் கடல் நீரும்

டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சின் பல்சக்கரப் பெட்டியான முன் டிஃபரன்ஷியல் இரண்டிலும் எண்ணெயைப் பாருங்கள். கீழ் மூடியைத் திறக்கும் முன் நிரப்பும் மூடி கழல்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். துருப்பிடித்து அது வராமல்போனால், எண்ணெயை வடித்த பெட்டியோடு நடுவழியில் நிற்க நேரும். சமதரையில் எண்ணெய் நிரப்பும் துளையின் விளிம்புவரை இருக்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. மேலே இருக்கும் காற்றுவழியான பிரீதர் அடைத்திருந்தால் அச்சு சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் தென்பெண்ணை கரைபுரண்டபோது வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளை இப்படிச் சோதிக்காமல் விட்டிருந்தால் இன்றே சோதியுங்கள். பிரீதரைக் கழற்றி ஊதினால் காற்று தடையின்றிப் போக வேண்டும்.

கடற்கரையில் இறங்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுகளான கிராஸ்களில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்றால் முன் அச்சு ஜாயிண்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து மணல் புகுந்திருக்கலாம்.

வடித்த எண்ணெயில் உலோகச் சில்லுகள் மின்னினாலோ, ஷாஃப்ட் சோதனையில் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் பூட்டவில்லை என்று தெரிந்து அதன் கனெக்டரும் மோட்டாரும் சரியாக இருந்தாலோ, அப்போது மெக்கானிக்கிடம் கொடுங்கள். என்னென்ன பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் குழாயை மாற்றிய பிறகு, மாதம் ஒருமுறை பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்புச் செம்மண் பாதையில் 4ஹெச் போட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறேன். உள்ளே எண்ணெய் பரவுகிறது, பச்சை விளக்கும் நிலைத்து எரிகிறதா என்று தெரிந்துவிடுகிறது.